தேர்தல் நடத்த அடுத்த நாட்டுக் காசு வாங்கலாமா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை | இரவு 9.12

நேற்று சாயங்காலம் காகிதப்பட்டறை டீக்கடையில் ஆரம்பித்த சண்டை இன்னும் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்தோம். வடைக்குக் காசு கொடுத்தவர் ஒருவரைத் தவிர மற்ற நாலு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

விஷயம் பழையதுதான். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் செலவுக் குறைப்புக் குழு ஒரு பட்டியல் போட்டது. அதில் "இந்தியாவில் வாக்குப்பதிவை அதிகரிக்க 2 கோடியே 10 லட்சம் டாலர்" என்று ஒரு வரி. அதை ரத்து செய்துவிட்டோம் என்றார்கள். "அந்தக் காசில்தான் இத்தனை வருஷம் நம்மை ஓட்டுப் போட வைத்தார்கள்" என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் அது நமக்கு வந்ததே இல்லை என்றார்.

என் கேள்வி வேறு. காசில்லாத நாடு ஒன்று இருக்கிறது, தேர்தல் நடத்த வேண்டும். பணக்கார நாடு கொடுக்கிறேன் என்கிறது. வாங்கலாமா? நான் கூடாது என்கிற கட்சி. கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாம், தாலியை இரவல் வாங்க முடியுமா?

ஆம்பூர்_தோல் | இரவு 9.20

அண்ணே, இங்கே தைக்கிற ஷூவை ஐரோப்பாக்காரன் மாட்டிக்கொண்டு போய் அவன் ஊரில் ஓட்டுப் போடுகிறான். அவன் தேர்தலுக்கு நாம் கால் கொடுக்கிறோம், அவன் காசு கொடுத்தால் என்ன?

சும்மா சொன்னேன். தொடருங்கள்.

சத்துவாச்சாரி_அக்கா | இரவு 9.48

கணக்குத் தணிக்கை என் தொழில். அதனால் முதலில் இரண்டு கணக்கைப் பிரித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் விடியும்வரை சுற்றிக்கொண்டே இருப்போம்.

ஒன்று, கட்சிக்கும் வேட்பாளருக்கும் போகும் காசு. இரண்டு, தேர்தலை நடத்தும் ஆணையத்துக்குப் போகும் காசு: பட்டியல் அச்சடிக்க, பெட்டி வாங்க, வண்டி வாடகை கொடுக்க. தம்பி கேட்பது இரண்டாவது.

முதல் வகைக்கு நம் நாட்டில் 1976 முதலே தடை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அப்புறம் அதையே 2010இல் புதிதாக எழுதினார்கள். வேட்பாளர், எம்.எல்.ஏ., எம்.பி., கட்சி, நீதிபதி யாரும் வெளிநாட்டுக் காசைத் தொடக்கூடாது. ஆனால் 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், இரண்டு பெரிய தேசியக் கட்சிகளும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் துணை நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு சொன்னது. அடுத்து என்ன நடந்தது? 2016 நிதிச் சட்டத்தில் "வெளிநாட்டு மூலம்" என்பதன் அர்த்தத்தையே மாற்றினார்கள். அது 2010 வரைதான் பின்னோக்கிப் போனது, போதவில்லை. 2018இல் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி இழுத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷம்! நான் ஒரு வவுச்சருக்கு முன்தேதி போட்டால் லைசென்ஸ் போய்விடும்.

இதே நாட்டில்தான், பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஒரு சின்ன டிரஸ்ட், வெளிநாட்டிலிருந்து ஆயிரம் ரூபாய் வாங்குவதாக இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் தலைமைக் கிளையில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். 2020 திருத்தம். அந்த டிரஸ்டின் ஆண்டுக் கணக்கை வருஷா வருஷம் நான்தான் முடித்துக் கொடுக்கிறேன். வரும் தொகையைவிட எனக்குக் கொடுக்கும் கூலி அதிகமாகிவிடுமோ என்று அவர்களுக்குப் பயம்.

சரி, அந்த 2 கோடியே 10 லட்சம் டாலர். அது 2022இல் பங்களாதேஷுக்கு ஒதுக்கிய தொகை என்று ஒரு ஆங்கில நாளிதழ் ஆவணங்களோடு எழுதியது. நம் நிதி அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் வெளிநாடுகளுக்கு உதவி கொடுக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான யு.எஸ்.எய்டு இங்கே நடத்திய ஏழு திட்டங்கள் இருக்கின்றன, மொத்தம் 75 கோடி டாலர். விவசாயம், தண்ணீர், சுகாதாரம் எல்லாம் உண்டு. தேர்தல் என்ற தலைப்பே இல்லை. 2012இல் தேர்தல் ஆணையம் ஒரு அமெரிக்கத் தேர்தல் அமைப்போடு பயிற்சிக்காக ஒப்பந்தம் போட்டது உண்மை. அதில் பணமே கைமாறவில்லை என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் குரைஷி சொன்னார்.

வாத்தியார்_காட்பாடி | இரவு 10.15

முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ், தேர்தல் டூட்டி எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. தேர்தல் காசு எப்படிச் செலவாகிறது என்று டிவியில் பேசுகிறவர்கள் அந்தப் பையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் மத்தியானம் வாக்குச்சாவடிப் பொருள்கள் என்று ஒரு பை கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். அரக்கு, மெழுகுவத்தி, பிளேடு, நூல், கோந்து, ரப்பர் பேண்டு, முத்திரை, உறைகள் ஒரு கட்டு. அப்புறம் அழியாத மை, மைசூர்த் தயாரிப்பு. அந்தப் புட்டி சாயாமல் இருக்க ஒரு காலி டப்பா தருவார்கள். அதில் மணல் போட்டு நடுவில் புட்டியை நிறுத்தி வைக்க வேண்டும். பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் அதற்கு மணல் கிடைத்துவிடும்.

இந்தப் பையிலிருந்து பஸ், சாப்பாடு, எங்கள் படிக்காசு வரைக்கும் யார் தருகிறார்கள்? மக்களவைத் தேர்தல் என்றால் முழுக்க மத்திய அரசு. சட்டமன்றம் என்றால் மாநிலம். இரண்டும் சேர்ந்து வந்தால் பாதிப் பாதி. 1951-52இல் முதல் பொதுத்தேர்தலுக்கு ஆன செலவு 10.45 கோடி ரூபாய். சுமார் 20 லட்சம் இரும்புப் பெட்டி செய்தார்கள், 8,200 டன் எஃகு. அப்போதுதான் சுதந்திரம் வாங்கிய, சாப்பாட்டுக்கே கப்பலை எதிர்பார்த்த நாடு அது. தேர்தலுக்குக் கை நீட்டவில்லை. மாறாக, அந்தத் தேர்தலை நடத்திய சுகுமார் சென்னை 1953இல் சூடான் தன் முதல் தேர்தலை நடத்தித்தரக் கூப்பிட்டுக்கொண்டது.

சின்ன வயசில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கொடுத்த கோதுமை ரவை உப்புமா. மூட்டையில் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும் படம், அமெரிக்க மக்கள் கொடுத்தது என்று எழுத்து. அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே படத்தை ஓட்டுப் பையின் மேல் ஒட்டிக்கொடுத்தால் என் பூத்தில் உட்காரும் ஏஜெண்டுகள் சும்மா விடுவார்களா? தோற்ற கட்சிக்காரன் அதை மட்டுமே அஞ்சு வருஷம் பேசுவான்.

ஆம்பூர்_தோல் | இரவு 10.22

இப்போது சீரியஸாகவே கேட்கிறேன் சார். நம்மூர் பெரிய ஆஸ்பத்திரி சி.எம்.சி. எப்படி வந்தது? ஐடா ஸ்கடர் அம்மா அமெரிக்காவில் போய்க் கேட்டு, நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர் இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்து, 1902இல் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. அந்தக் காசு இன்றைக்கும் நம் ஊருக்குச் சோறு போடுகிறது. லாட்ஜ்காரன், ஆட்டோக்காரன், மெடிக்கல் ஷாப் எல்லாம். உயிரைக் காப்பாற்ற வாங்கலாம், ஓட்டுக்கு வாங்கக் கூடாது என்றால் எப்படி?

பாலாற்றங்கரை | இரவு 10.31

ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்தவர் எந்த நோயாளி பிழைக்க வேண்டும் என்று சொல்லவில்லை தம்பி. தேர்தலுக்குக் கொடுப்பவனுக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருக்கும்.

ஆற்காட்டான் | இரவு 11.04

வெளிநாட்டுக் காசு தேர்தலைக் கெடுக்கும் என்பதற்கு நம் ஜில்லாவைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. ஆனால் கெடுத்தது வேறு திசையில்!

நவாப் முகமது அலி வாலாஜா. வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்காக, அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். அடமானம் சீமை சீமையாக நில வரி. அதாவது நம் முப்பாட்டன்கள் ஏற்றம் இறைத்துக் கட்டிய கிஸ்தி. அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? லண்டனில் நாடாளுமன்ற சீட்டு வாங்கினார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் காமன்ஸ் சபையில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். பால் பென்ஃபீல்டு என்ற கடன்காரர், தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை முந்தைய சபைக்குள் உண்டாக்கிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு.

ஆக, பிரிட்டிஷ் ஜனநாயகத்துக்கு நன்கொடை கொடுத்த முதல் வெளியூர்க்காரர்கள் நாம்தான். ரசீது மட்டும் யாரும் தரவில்லை.

பிற்காலத்தில் இந்தக் காற்று திரும்பி அடித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான், சி.ஐ.ஏ. இரண்டு முறை இந்தியாவில் ஒரு கட்சிக்குப் பணம் கொடுத்ததாகவும், இரண்டுமே மாநிலத் தேர்தல்களில் கம்யூனிஸ்டுகள் வருவதைத் தடுக்கத்தான் என்றும் 1978இல் எழுதினார். எல்லாம் அக்கா சொன்ன முதல் கணக்கு. வெளிச்சத்தில் கைமாறும் காசைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை.

மட்டுறுத்துநர் | இரவு 11.10

இன்றைய கட்சிப் பெயர்களை இழுக்காமல் பேசுவதற்கு நன்றி. இப்படியே போகட்டும்.

ஹவில்தார்_கம்மவான்பேட்டை | காலை 6.20

ராத்திரி தூங்கிவிட்டேன். எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒருத்தர் ராணுவம் என்று உங்களுக்குத் தெரியும். நான் 2006இல் ஐ.நா. படையில் காங்கோவின் கோமா பக்கம் இருந்தேன். நீங்கள் பேசுகிற விஷயத்தைக் கண்ணால் பார்த்தவன்.

ஜூலை 30 ஓட்டுப் பதிவு. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த மக்கள் பல கட்சித் தேர்தலையே பார்த்ததில்லை. செலவு சுமார் 50 கோடி டாலர், பெரும்பகுதி வெளிநாடுகள் கொடுத்தது. ஜனாதிபதி பதவிக்கு மட்டும் 33 பேர். நாடாளுமன்றத்தின் 500 இடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேல் வேட்பாளர்கள். ஓட்டுச் சீட்டு தென்னாப்பிரிக்காவில் அச்சாகி விமானத்தில் வந்து இறங்கியது. சீட்டா அது? தலைநகரில் ஒரு ஓட்டுக்கே போஸ்டர் சைஸில் பல பக்கம். ஒரு கிழவி அதைப் பாய் மாதிரி தரையில் விரித்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாக விரலை ஓட்டித் தேடியதை மறக்க மாட்டேன். ரோடு கிடையாது. நாங்கள் ஹெலிகாப்டரில் இறக்கிய பெட்டியை ஆட்கள் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் அந்தத் தேர்தலே கிடையாது. இதை யாரும் மறுக்க முடியாது.

அதே நாட்டில் அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2016இல் தேர்தல் வர வேண்டும். பதவிக்காலம் முடிந்த ஜனாதிபதி இறங்கவில்லை. தேர்தலுக்கு 180 கோடி டாலர் ஆகும், அவ்வளவு காசு இல்லை என்று அவருடைய மந்திரியே சொன்னார். கொடுக்க வந்தவர்களிடம் வேண்டாம், இது எங்கள் இறையாண்மை என்றார்கள். கடைசியில் 2018 டிசம்பர் 30 அன்று சொந்தக் காசிலேயே நடத்தினார்கள். தென் கொரியாவிலிருந்து ஓட்டு மெஷின் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் திருட்டு மெஷின். கத்தோலிக்க ஆயர்கள் 40,000 பார்வையாளர்களை நிறுத்தியிருந்தார்கள், அறிவித்த முடிவு நாங்கள் எண்ணியதோடு ஒத்துவரவில்லை என்றார்கள்.

தம்பி பாலாற்றங்கரை, சொந்தத் தாலிதான் கட்டினார்கள். மாப்பிள்ளைதான் மாறிவிட்டான் என்று பேச்சு.

பாலாற்றங்கரை | காலை 7.05

ஐயா, அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 தேர்தலுக்கு முழுக்க வெளிநாட்டுக் காசு, ஐ.நா. உதவி. அதிலும் பத்து லட்சத்துக்கு மேல் கள்ள ஓட்டைக் கழிக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி வாய் திறந்த ஐ.நா. துணைத் தூதரை வீட்டுக்கு அனுப்பினார்கள். காசு கொடுத்தவர்களுக்கு, தாங்கள் நடத்திய தேர்தல் தோற்றது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. இதுதான் என் பயம்.

மேல்மொணவூர்_முகாம் | காலை 8.40

வணக்கம். நான் இந்த இடத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. வாத்தியார் ஐயா சொன்ன ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். சொந்த அரசாங்கத்தின் காசு என்றால் பயமில்லை என்ற மாதிரி அவர் கதை போகிறது.

எங்கட இலங்கையில் 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் என்று திகதி குறித்தார்கள். வேட்பு மனு எல்லாம் முடிந்தது. திறைசேரி காசு விடவில்லை. வாக்குச் சீட்டு அச்சடிக்கக் காசு வந்தால்தான் முடியும் என்று அரசாங்க அச்சகம் நின்றுவிட்டது. பொலிசுக்கு இல்லை, எரிபொருளுக்கு இல்லை. ஒதுக்கிய காசை மறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டது. அப்படியும் நடக்கவில்லை. அதே மார்ச் மாதம் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசாங்கம் நடத்த வெளிநாட்டுக் காசு வந்தது, அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற தேர்தலுக்கு உள்நாட்டுக் காசும் வரவில்லை.

அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6. இரண்டு வருஷத்துக்கு மேல். வேட்பு மனு போட்டிருந்த அரச ஊழியர்கள் வேலைக்கும் திரும்ப முடியாமல் எத்தனை மாதம் திண்டாடினார்கள் தெரியுமா? என் மச்சான் ஒருவர் அதில் இருந்தார்.

வாத்தியார்_காட்பாடி | காலை 9.02

தம்பி, நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறதா?

மேல்மொணவூர்_முகாம் | காலை 9.06

1990இல் படகில் வந்தபோது எனக்கு ஆறு வயது ஐயா. அங்கே பட்டியலில் பெயர் இல்லை, இங்கே குடியுரிமை இல்லை. முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பதிவு நடக்கும்போது வெளியே நின்று பார்ப்பேன்.

சத்துவாச்சாரி_அக்கா | காலை 10.30

ஆபீஸில் இருந்து அவசரமாக எழுதுகிறேன். சாலமன் தீவுகளை யாரும் சொல்லவில்லை.

ஏழெட்டு லட்சம் பேர் உள்ள நாடு, நம் ஜில்லாவின் பாதி கூட வராது. 2023இல் தேர்தல் வர வேண்டும். அந்த வருஷம் பசிபிக் விளையாட்டுப் போட்டி இருக்கிறது, இரண்டையும் தாங்கக் காசு இல்லை என்று சொல்லி ஒத்திவைக்கப் பிரதமர் சொகவாரே மசோதா கொண்டுவந்தார். போட்டிக்கு ஸ்டேடியம் சீனா கட்டிக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, காசுதானே பிரச்சினை, தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள், செலவுக்கு நாங்கள் தருகிறோம் என்றது. பிரதமருக்கு வந்ததே கோபம். இது எங்கள் நாடாளுமன்றத்தின் மேல் தாக்குதல், நேரடித் தலையீடு என்றார். அதே வாரத்தில் ஒத்திவைப்பு மசோதாவை நிறைவேற்றினார்கள். அப்புறம் பார்த்தால், 2024 தேர்தலுக்கு அதே ஆஸ்திரேலியக் காசை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள்! 2024 ஏப்ரல் 17 அன்று தேர்தல் நடந்தது.

ஆஸ்திரேலியா மசோதா விவாதத்துக்கு வரும் நேரம் பார்த்துக் கடிதம் நீட்டியது விஷமம்தான். ஆனால் காசு கிடையாது என்ற சாக்கை அது ஒரே நாளில் உடைத்துவிட்டது பாருங்கள். தணிக்கையில் இதை அடிக்கடி பார்ப்பேன். "ஃபண்ட் இல்லை" என்று எழுதியிருக்கும் இடத்தில் பத்துக்கு ஏழு தடவை ஃபண்ட் இருக்கும், மனசு இருக்காது.

இதற்கு நேர்மாறாக ஹைட்டி. 2015 தேர்தலில் முறைகேடு என்று ரத்து செய்து மறுபடி நடத்த முடிவெடுத்தார்கள். 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்த அமெரிக்கா, மறுதேர்தலுக்கு ஒப்புக்கொள்ளாமல் மிச்சக் காசை நிறுத்தியது. சரி போ என்று அவர்களே 5 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டக் கிளம்பினார்கள். ஏழை நாடுதான், ஆனாலும்.

பாலாற்றங்கரை | காலை 11.15

அப்படியானால் வாங்கலாம் என்கிறீர்களா அக்கா?

சத்துவாச்சாரி_அக்கா | மதியம் 1.40

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? கொடுக்கிறவன் பாதி வழியில் நிறுத்த முடியாதபடி, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே முழுத் தொகையும் ஆணையத்தின் கணக்கில் விழ வேண்டும். பல நாடுகள் ஒரே கூடையில் போட வேண்டும், ஐ.நா. மூலம் நடக்கும் பல தேர்தல்களில் ஏற்கெனவே அப்படித்தான். கணக்கை அந்த நாட்டு மக்கள் மொழியில் வெளியிட வேண்டும். மெஷின் வாங்கிக் கொடுப்பதைவிடப் பட்டியலைச் சரிசெய்யக் கொடுப்பது மேல். பங்களாதேஷில் 2008 தேர்தலுக்கு முன்னால் போட்டோவோடு புதிய வாக்காளர் பட்டியல் தயாரித்தார்கள், எட்டுக் கோடிப் பேர், அதில் வெளிநாட்டு உதவி இருந்தது. அந்த வேலையை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அப்புறம் அங்கே நடந்த தேர்தல்களைப் பற்றி வேறு கதை.

நாமே கொடுக்கவும் செய்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். 2022இல் நேபாளத் தேர்தலுக்கு 200 வண்டி கொடுத்தோம். பூட்டானில் 2008இல் நம் மெஷின்தான். அங்கேயும் ஒரு டீக்கடையில் "இந்தியாக்காரன் வண்டியில் ஓட்டுப்பெட்டி போகிறதே" என்று யாராவது சண்டை போட்டிருப்பார்கள்.

வாத்தியார்_காட்பாடி | மாலை 5.25

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வேலூரில் உட்கார்ந்து வெளிநாட்டுக் காசைப் பற்றிப் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

2019 ஏப்ரல் 18 ஓட்டுப் பதிவு. வகுப்பறையில் பெஞ்சை எல்லாம் ஓரம் தள்ளி, பூத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. 16ஆம் தேதி சாயங்காலம் ரத்து என்று செய்தி. காட்பாடிப் பக்கம் ஒரு சிமென்ட் கிடங்கில் சிக்கிய 11 கோடிச் சொச்சம் ரூபாய். வார்டு வாரியாகக் குறிப்பு எழுதிய கட்டுகள் என்று பேப்பரில் போட்டார்கள். பணத்துக்காக மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தது நாட்டில் அதுதான் முதல் தடவை. வேட்பாளர் செலவு வரம்பு அப்போது 70 லட்சம். ஆகஸ்ட் 5 அன்று மறுபடி அதே பள்ளிக்கூடம், அதே பெஞ்சு, அதே கோடு. இரண்டாவது தடவைக்கான பஸ்ஸும் பையும் படிக்காசும் யார் வரி?

அந்த நோட்டுக் கட்டில் ஒரு டாலர் கூட இல்லை. அத்தனையும் காந்தி படம் போட்டது.

ஆற்காட்டான் | மாலை 5.40

சார், அந்தச் சுண்ணாம்புக் கோடு மழை வரும்வரை இருந்திருக்குமே?

வாத்தியார்_காட்பாடி | மாலை 5.52

ஆமாம். பிள்ளைகள் அதில் நின்று நொண்டி ஆடினார்கள். ஆகஸ்டில் பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு போட்டோம்.

ஆம்பூர்_தோல் | இரவு 8.15

எல்லாம் சரி பாலாற்றங்கரை அண்ணே, ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். அன்றைக்கு எல்லோருக்கும் வடைக்குக் காசு கொடுத்தவர் யார்?

பாலாற்றங்கரை | இரவு 8.19

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்கள் வார்டில் நிற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் தம்பி. நான் இரண்டு சாப்பிட்டேன்.